ஆதாம் சொன்னதில் பொய் எதுவும் இல்லையே?

கேள்வி கேட்டவர்: கோத்தகிரியிலிருந்து ஒருவன்

அனைவருக்கும் கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துகள். நான் கோத்தகிரி வட்டாரத்தில் சிறு விவசாயிகளிடமிருந்து பச்சைத் தேயிலையை எடை போட்டு வாங்கி, தனியார் தொழிற்சாலை ஒன்றில் கொண்டுபோய்ச் சேர்க்கும் இலை ஏஜென்ட்டாகப் பதினொரு ஆண்டுகளாக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன்.

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்து காலத்தின் முதல் ஞாயிறன்று ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தை வகுப்பில் வாசிக்க வைத்தேன். "என்னுடனே இருக்கும்படி தேவரீர் தந்த ஸ்திரீயானவள் அவ்விருட்சத்தின் கனியை எனக்குக் கொடுத்தாள், நான் புசித்தேன்" என்ற வசனம் வந்ததும் பிள்ளைகள் சிரித்தார்கள். ஆதாம் பழியை மனைவியின் மேல் போட்டான், அவளைத் தந்தவர் என்று தேவன்மேலும் போட்டான் என்று நான் வழக்கமான விளக்கத்தைச் சொன்னேன். அப்போது ஒரு சிறுமி எழுந்து, "ஆதாம் சொன்னதில் பொய் எதுவும் இல்லையே, சார்? அந்த ஸ்திரீயைத் தேவன்தானே தந்தார்? கனியை அவள்தானே கொடுத்தாள்?" என்று கேட்டாள். எனக்கு நா எழவில்லை. கேள்வி கடினமானது என்பதைவிட, கேட்டவள் யாருடைய மகள் என்பதே அதற்குக் காரணம்.

கடந்த நவம்பரில், வடகிழக்குப் பருவமழை எங்கள் பக்கம் விடாமல் பெய்துகொண்டிருந்த வாரத்தில், ஒரே நாளில் 19 விவசாயிகளிடம் 640 கிலோ இலை எடுத்தேன். மழையினால் விவசாயிகள் மாலை நான்கு மணிக்கு மேல்தான் இலையைக் கொண்டுவந்தார்கள். பறித்த பெண்கள் சாக்குகளைக் காலால் மிதித்து அடைத்திருந்தார்கள். அன்று மாலை குன்னூரில் என் மைத்துனரின் மகளுக்கு நிச்சயதார்த்தம். ஆறு மணிக்குள் வந்தே தீர வேண்டும் என்று மைத்துனர் சொல்லியிருந்தார், தாமதித்தால் தன் பிறந்த வீட்டார் முகத்தில் எப்படி விழிப்பது என்று மனைவியும் வருந்தினார். இலை அன்றிரவு தார்ப்பாய்க்கு அடியில் வண்டியிலேயே தங்கிவிட்டது. காலையில் ஓட்டுநர் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தார். தொழிற்சாலையில் சாக்குகளைப் பிரித்தபோது உள்ளே கை வைக்க முடியாத சூடு. மேற்பார்வையாளர் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காமல் 230 கிலோவைச் சிவந்த இலை என்று ஒதுக்கிவிட்டார்.

என்ன நடந்தது என்று எல்லாரும் கேட்டபோது, "ஓட்டுநர் நேரத்துக்கு வரவில்லை" என்று நான் சொன்னேன். அது உண்மைதான். ஒரு வாரத்திற்குள் ஊர் வாயில் அது, "குடித்துவிட்டுக் கிடந்தானாம்" என்று மாறிவிட்டது. அதை நான் சொல்லவில்லை. ஆனால் விவசாயிகள் அவரை ஏற்க மறுத்ததால், அவர் வேலையிலிருந்து நிற்க வேண்டியதாயிற்று. அவருடைய மகள்தான் அந்தச் சிறுமி.

அதுமுதல் எனக்கு உறக்கம் சரியில்லை. தேவனிடம் பலமுறை அறிக்கையிட்டேன். இருந்தாலும் ஒரு கேள்வி நிற்கிறது. ஒரு தவறில் பலருக்கும் பங்கு இருக்கும்போது, அதை உள்ளபடி சொல்வது பழி போடுவதாகுமா? எல்லாவற்றையும் நானே செய்தேன் என்று சொன்னால் அதுவும் பொய்யாகாதா?

பதில்: ஓய்வுபெற்ற தமிழாசிரியை, குன்னூர்

தம்பி, வயதில் மூத்தவள் என்ற உரிமையில் இப்படி அழைக்கிறேன். நீண்ட காலம் இலக்கணம் கற்பித்த பழக்கத்தால், உங்கள் கேள்வியை ஒரு விடைத்தாளைத் திருத்துவதுபோலத்தான் முதலில் வாசித்தேன். விரல் விட்டு எண்ணியதில் விவசாயிகள், இலை பறித்த பெண்கள், மைத்துனர், மனைவி, ஓட்டுநர், மேற்பார்வையாளர், ஊர் வாய் என ஏழு தரப்பினரும் கூடவே ஒரு மழையும் அதில் குற்றவாளிக் கூண்டில் நிற்கக் கண்டேன். நீங்களோ "இலை எடுத்தேன்", "பாடம் நடத்துகிறேன்" என்ற இடங்களில் தெளிவாக நிற்கிறீர்கள். இலை கெட்ட இடத்திலும் ஒரு குடும்பத்தின் பிழைப்புக் கெட்ட இடத்திலும் உங்களைக் காணவில்லை. அங்கே "இலை வண்டியிலேயே தங்கிவிட்டது" என்றும் "வேலையிலிருந்து நிற்க வேண்டியதாயிற்று" என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

தமிழில் இதற்கு மிகவும் வசதி உண்டு. உடைந்தது என்றும் சொல்லலாம், உடைத்தேன் என்றும் சொல்லலாம். கெட்டது என்றும் சொல்லலாம், கெடுத்தேன் என்றும் சொல்லலாம். ஒரே நிகழ்ச்சிதான், தன்வினையில் சொன்னால் செய்தவன் மறைந்துகொள்கிறான், பிறவினையில் சொன்னால் வெளியே வந்து நிற்க வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் நாற்பது ஆண்டுகளாக ஒரு கண்ணாடித் தம்ளரையும் யாரும் உடைத்ததில்லை. அத்தனையும் தாமாகவே உடைந்திருக்கின்றன.

இந்த இலக்கணத்தை நன்றாக அறிந்தவன் வேதத்தில் மோசேயின் அண்ணன் ஆரோன். பொற்கன்றுக்குட்டியைப் பற்றி மோசே கேட்டபோது, ஜனம் பொல்லாதது என்று தொடங்கி, அவர்கள் பொன்னைத் தந்தார்கள் என்று சொல்லி, "அதை அக்கினியிலே போட்டேன், அதிலிருந்து இந்தக் கன்றுக்குட்டி வந்தது" என்று முடிக்கிறான். "வந்தது" என்ற அந்த வினையைப் பாருங்கள். அதே யாத்திராகமம் 32ஆம் அதிகாரத்தின் நான்காம் வசனம், அவன் சிற்பக்கருவியினால் கருப்பிடித்து அதை வார்ப்பித்தான் என்கிறது. ஆரோன் சொன்னதிலும் பெரும்பகுதி உண்மைதான். ஜனம் கேட்டது உண்மை, பொன்னைத் தந்தது உண்மை, அவன் அதை நெருப்பில் போட்டதும் உண்மை. உளியைப் பற்றி மட்டும் அவன் வாயைத் திறக்கவில்லை.

அந்தச் சிறுமி கேட்டது உரையாசிரியர்கள் கேட்க வேண்டிய கேள்வி. அவளுக்கு என்னால் இயன்ற விடை இது: ஆதாம் பொய் சொல்லவில்லை. ஆனால் தேவன் அவனிடம், கனியைப் பறித்தது யார், கொடுத்தது யார் என்றெல்லாம் விசாரிக்கவில்லை, "புசித்தாயோ?" என்றுதான் கேட்டார். அதற்கு விடை "நான் புசித்தேன்" என்ற இரண்டே சொற்கள். ஆதாம் அவற்றையும் சொன்னான், ஆனால் தேவனையும் மனைவியையும் சுற்றிவந்த பிறகு, வாக்கியத்தின் கடைசியில், வேறு வழியில்லாமல் சொன்னான். உண்மையைத் தோட்டத்து மரங்களைப்போல ஒளிந்துகொள்ளப் பயன்படுத்தினான் என்று அவளிடம் சொல்லிப் பாருங்கள்.

இஸ்ரவேலின் அரசர்களான சவுலையும் தாவீதையும் ஒருமுறை அருகருகே வைத்து வாசியுங்கள். இருவரும் "நான் பாவஞ்செய்தேன்" என்றுதான் சொல்கிறார்கள். சவுல் அதற்கு முன்னால் ஜனங்களைக் காட்டினான். பின்னாலோ, மூப்பருக்கு முன்பாகத் தன்னைக் கனம்பண்ணும்படி தீர்க்கதரிசி சாமுவேலிடம் கேட்டான். தாவீது தீர்க்கதரிசி நாத்தானிடம், கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன் என்றதோடு நிறுத்திவிட்டான். பிறன் மனைவியான பத்சேபாள் அங்கே குளித்துக்கொண்டிருந்தாள் என்று அவன் சொல்லவில்லை.

நடந்ததை உங்களை மட்டும் எழுவாயாக வைத்து ஐந்து வாக்கியங்களில் எழுதிப் பாருங்கள். இங்கே பதிவிட வேண்டிய கட்டாயம் இல்லை.

பதில்: சமாதானம் உண்டாவதாக

சகோதரரே, ஆண்டவரிடம் அறிக்கையிட்டுவிட்டீர்கள் அல்லவா? மேற்குக்கும் கிழக்குக்கும் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரமாய் அவர் நம் பாவங்களை விலக்கினார் என்று சங்கீதம் 103 சொல்கிறது. மன்னிக்கப்பட்டதை மறுபடியும் கிளறுவது விசுவாசக் குறைவு. அந்த ஓட்டுநருக்காக ஜெபியுங்கள், போதும்.

பதில்: மூன்றாம் தலைமுறை, கூடலூர்

மேலே உள்ள பதிலை எழுதியவருக்கு ஒரு வார்த்தை. மேற்குக்கும் கிழக்குக்கும் உள்ள தூரம் பாவத்துக்கும் பாவிக்கும் இடையில் விழுந்த தூரம். இவருக்கும் அந்த ஓட்டுநரின் வீட்டுக்கும் இடையில் அதிகம் போனால் சில கிலோமீட்டர்தான் இருக்கும். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போ என்று சொன்னவர் (மத்தேயு 5:24) அந்தத் தூரத்தைத்தான் நடக்கச் சொன்னார்.

இனிக் கேள்வி கேட்டவருக்கு. என் பாட்டனார், 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டத்திலிருந்து இந்த மலைக்கு அனுப்பப்பட்டவர். திரும்பி வந்தவர்களுக்காக அரசு 1968-இல் தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து இறந்தவர். நாங்கள் வளர்ந்த லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், மேலே பங்களாவில் ஒரு பொருள் காணாமல் போனால் முதலில் எங்கள் வீடுகளைத்தான் சோதிப்பார்கள். மலையில் மண் சரிந்தால் அது கீழே இருக்கும் வீட்டின் மேல்தான் விழும், பழியும் அப்படித்தான். ஆகையால், அவரவர் தம் குற்றத்தை உணர வேண்டும் என்ற பிரசங்கத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. அதைக் கேட்டுத் தலை குனிகிறவர்கள் பெரும்பாலும் கூலிக்காரர்களாக இருக்கிறார்கள். இலையின் விலையை நிர்ணயிக்கிறவர்கள் அந்த ஆராதனையிலேயே இருப்பதில்லை. "பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின" என்ற பழமொழியை இனிச் சொல்லாதீர்கள் என்று எசேக்கியேல் 18 சொல்கிறது. எங்கள் அனுபவத்தில், திராட்சக்காய் தின்றவர் ஒருவராகவும் பல் கூசியவர் வேறொருவராகவும்தான் அநேகமாக இருந்திருக்கிறார்கள். அந்த வழக்கத்தைத்தான் தீர்க்கதரிசி ஒழிக்கிறார் என்று நான் அதை வாசிக்கிறேன்.

நான் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வாட்டும் பகுதியில் ஆறு ஆண்டுகள் வேலை செய்தேன். பறித்த இலை உயிரோடுதான் இருக்கிறது. அது மூச்சு விடுகிறது, மூச்சு விடும்போது சூடு பிறக்கிறது. காற்றோட்டமாகப் பரப்பினால் சூடு போய்விடும். சாக்கில் இறுக்கி அடைத்து இரவு முழுவதும் தார்ப்பாயால் மூடி வைத்தால், கசங்கிய இடமெல்லாம் சிவந்து, நடுச்சாக்கு வெந்துபோகும். நான்கு, நாலரைக் கிலோ பச்சை இலையிலிருந்துதான் ஒரு கிலோ தூள் கிடைக்கிறது. அதில் சிவந்த இலை கலந்தால் தூளின் சாரமும் நிறமும் கெடும் என்பதால் எந்த மேற்பார்வையாளரும் ஒதுக்கத்தான் செய்வார். மாலையில் மூடிய இலை, காலையில் இரண்டு மணி நேரம் தாமதமானதால் கெட்டது என்பதைப் பதினொரு ஆண்டு அனுபவமுள்ள நீங்கள் நம்புகிறீர்களா? அது இரவிலேயே கெட்டுவிட்டது.

எனவே இரண்டு கேள்விகள். நீங்கள் நிச்சயதார்த்தத்தில் இருந்த அந்த இரவில் ஓட்டுநர் எங்கே இருந்தார்? ஒதுக்கப்பட்ட 230 கிலோவின் நட்டத்தை யார் தலையில் கட்டினீர்கள்?

ஆரோனைப் பற்றி ஆசிரியை அம்மா எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். "வந்தது" என்று சொன்ன அதே ஆரோனைத்தான் லேவியராகமம் 16-இல் தேவன் நிறுத்தி, மக்களின் பாவங்களைச் சுமத்தி வனாந்தரத்துக்கு அனுப்பிவிடும் போக்காட்டின் தலைமேல் இரண்டு கைகளையும் வைத்து, இஸ்ரவேலரின் அக்கிரமங்கள் எல்லாவற்றையும் அறிக்கையிடச் சொல்கிறார். அதற்கு முன்பு தனக்காகவும் தன் வீட்டாருக்காகவும் பாவநிவாரண பலி செலுத்தச் சொல்கிறார். அந்த ஆடு சுமந்தது, வாய் திறந்து சொல்லப்பட்ட பாவங்களை. நாம் மனிதர்களைப் போக்காடாக்குவதோ, வாய் திறந்து சொல்லாமல் தப்புவதற்காக.

கோத்தகிரியிலிருந்து ஒருவன்

கூடலூர்ச் சகோதரரின் இரண்டு கேள்விகளையும் கண்ட பிறகு இரண்டு நாள் இந்தப் பக்கம் வரவில்லை. ஆசிரியை அம்மா சொன்ன ஐந்து வாக்கியங்களை எழுத உட்கார்ந்தபோது, இரண்டாவது வாக்கியத்திலேயே அந்த முதல் கேள்விக்கு விடை வந்து நின்றது.

இலையைத் தொழிற்சாலைக்கு அனுப்பாமல் வண்டியில் மூடிவைக்கும்படி நான் சொன்னேன். என் குடும்பத்தைக் குன்னூருக்குக் காரில் அழைத்துப்போக அந்த ஓட்டுநரையே வைத்துக்கொண்டேன். இலையை இறக்கிவிட்டு வந்துவிடுகிறேன் என்று அவர் சொன்னார், நான் வேண்டாம் என்றேன். திரும்பி வந்தபோது இரவு ஒன்றரை மணி. அதனால்தான் அவர் காலையில் தாமதமாக வந்தார். அவர் குடித்தார் என்று என் காதுபட மூன்று பேர் சொன்னார்கள், நான் மறுக்கவில்லை.

இவ்வளவையும் என் முதல் பதிவில் எழுதாமல், "இலை தங்கிவிட்டது" என்று எழுதியிருக்கிறேன். வேண்டுமென்றே மறைத்ததாக எனக்கே தோன்றவில்லை. அதுதான் அச்சமாக இருக்கிறது.

230 கிலோவை 19 பேரின் கணக்கிலும் அவரவர் இலைக்கு ஏற்பக் கழித்தேன். சீட்டில் "ஈரக் கழிவு" என்று எழுதினேன்.

பதில்: ஏரிக்கரைவாசி, கோடைக்கானல்

நண்பரே, நான் கத்தோலிக்கன். ஆகையால் சொற்கள் சற்றே வேறுபடும், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் திருப்பலியின் தொடக்கத்தில் ஒவ்வொருவரும் தம் மார்பில் தட்டிக்கொண்டு, "என் பாவமே, என் பாவமே, என் பெரும் பாவமே" என்று சொல்கிறோம். சிறுவயதில் பக்கத்திலிருப்பவரின் மார்பில் தட்டி அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். வளர்ந்த பிறகு அதை யாரும் கவனிக்காத விதத்தில் செய்யக் கற்றுக்கொண்டேன். அந்த மன்றாட்டில் சிந்தனை, சொல், செயல் ஆகியவற்றோடு "கடமையில் தவறியதாலும்" என்ற சொற்களும் உண்டு. மூன்று பேர் உங்கள் காதுபடப் பேசியபோது நீங்கள் காத்த மௌனம் அங்கேதான் அடங்கும்.

வரி தண்டுபவரான சக்கேயு, பறித்ததைத் திருப்பித் தருவதாக இயேசுவிடம் சொன்ன வார்த்தையை எல்லாரும் பணக் கணக்காகவே நினைவில் வைத்திருக்கிறோம். உங்கள் சபைகளில் வாசிக்கும் மொழிபெயர்ப்பில் அது "அநியாயமாய் வாங்கினதுண்டானால்" என்று இருக்கிறது. எங்கள் திருவிவிலியத்தின் பொது மொழிபெயர்ப்பில் அதே வசனம், "எவர் மீதாவது பொய்க் குற்றம் சுமத்தி எதையாவது கவர்ந்திருந்தால்" என்று வருகிறது. கிரேக்க மூலச் சொல்லில் இந்தப் பொய்க் குற்றச்சாட்டின் சாயல் உண்மையிலேயே உண்டு. பொய்ப் பழியும் பணப் பறிப்பும் சக்கேயுவின் வாயில் ஒரே குற்றமாக வருவதைப் பார்க்கும்போது, உங்கள் ஓட்டுநரும் உங்கள் சீட்டிலிருந்த ஈரக் கழிவும் எனக்கு நினைவுக்கு வருகிறார்கள். எங்கள் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் 1459ஆம் பத்தியில், திருடிய பொருளைத் திருப்பித் தருவதையும் அவதூறுக்குள்ளானவரின் நற்பெயரை மீட்டுத் தருவதையும் சேர்த்தே பரிகாரமாகச் சொல்கிறது. பணத்தை எண்ணி வைத்துவிடலாம். பெயரை, அது எந்தெந்தக் காதுகளில் கெட்டதோ அந்தந்தக் காதுகளில்தான் திருத்தியாக வேண்டும். அதற்குக் குறுக்கு வழி ஏதும் எனக்குத் தெரியவில்லை.

வேண்டுமென்றே மறைத்ததாகத் தோன்றவில்லை என்று எழுதியிருந்தீர்கள். புனித அகுஸ்தினார் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் மானி என்பவரின் சமயத்தைப் பின்பற்றியவர். பாவம் செய்வது நாமல்ல, நமக்குள் இருக்கும் வேறோர் இயல்பே என்று அக்காலத்தில் தாம் எண்ணியதாகவும், தம்மிடம் குற்றமில்லை என்ற அந்த எண்ணம் தம் செருக்குக்கு இனித்ததாகவும் அவரே பின்னாளில் எழுதிவைத்தார். 387-இல் திருமுழுக்குப் பெற்ற பிறகு அவர் எழுதியவற்றில், சிறுவயதில் திருடிய பேரிக்காய்கூட விடுபடவில்லை. தனியாக இருந்திருந்தால் திருடியிருக்க மாட்டேன் என்று கூட்டாளிகளைப் பற்றியும் எழுதுகிறார். ஆனால் அவர்களைத் தமக்குக் கேடயமாக்கவில்லை.

உங்கள் முதல் பதிவின் கடைசிக் கேள்வி நியாயமானது. எல்லாம் நானே என்று சொல்வதும் பொய்தான். சில சமயம் அது வேறு வகையான தற்பெருமை. மழையை நீங்கள் பெய்விக்கவில்லை. சாக்கை மிதித்து அடைத்ததும் நீங்கள் அல்ல. ஆனால் அவற்றைச் சொல்ல உங்களுக்கு உரிமை வருவது, உங்களுடையதைச் சொல்லி முடித்த பிறகுதான். எங்கள் பழைய பங்குத்தந்தை ஒருவர், பாவசங்கீர்த்தனத்தில் மருமகள்களிடம், "உன் பாவத்தைச் சொல் அம்மா, உன் மாமியார் போன வாரமே வந்து அவருடையதைச் சொல்லிவிட்டார்" என்பாராம்.

கோத்தகிரியிலிருந்து ஒருவன்

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன்.

எடை போடும் கொட்டகையில் விவசாயிகள் இலையோடு கூடியிருந்த ஒரு மாலையில், ஐந்து வாக்கியங்களையும் தாளைப் பார்த்தே வாசித்தேன். பார்க்காமல் சொன்னால் மழை உள்ளே வந்துவிடும் என்று எனக்குத் தெரியும். அந்த மாத விலையான 22 ரூபாய்ப்படி 230 கிலோவுக்கு 5,060 ரூபாய். எண்ணாகமம் 5:7-இல், அறிக்கையிடுகிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்று இருப்பதால், 1,012 ரூபாயும் சேர்த்து 6,072 ரூபாயைப் பிரித்து உறைகளில் போட்டு வைத்திருந்தேன். பெரும்பாலானவர்கள் ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டார்கள். ஒரு பெரியவர் மட்டும், "அந்த இரவு உன் வண்டி இங்கேதான் நின்றது, அவன் உன் காரை ஓட்டிக்கொண்டு போனதை நான் பார்த்தேன்" என்றார். அப்படியானால் ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்க வாய் வந்தது. கேட்டிருந்தால் எட்டாவது ஆள் கூண்டில் ஏறியிருப்பார்.

ஓட்டுநர் இப்போது மேட்டுப்பாளையத்தில் காய்கறி மண்டி ஒன்றில் மூட்டை ஏற்றுகிறார்; சனிக்கிழமை மாலையில்தான் வீட்டுக்கு வருகிறார். கொட்டகையில் வாசித்த அதே தாளோடு போனேன். அவர் மனைவி என்னை உட்காரச் சொல்லவில்லை. அவர் முழுவதையும் கேட்டார். வேலையை இழந்து அடுத்த வேலை கிடைக்கும்வரை அவர் சும்மா இருந்த 31 நாட்களுக்கான கூலியை வைத்தேன். அதை எண்ணிப் பார்த்து எடுத்துக்கொண்டார். மீண்டும் வேலைக்கு வரும்படி அழைத்தேன், வேண்டாம் என்றார். "குடித்தேன் என்ற பேச்சை என் மகள் பள்ளிப் பேருந்தில் கேட்டுவிட்டு வந்து என் வாயை முகர்ந்து பார்த்தாள்" என்று மட்டும் சொன்னார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எங்கள் சபைப் போதகரான ஆயரிடம் எல்லாவற்றையும் சொல்லி, ஓய்வுநாள் பள்ளியிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்றேன். விலகுவதற்கு முன் அந்தச் சிறுமியின் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு விலகு என்றார். வகுப்பில் ஆசிரியை அம்மாவின் விளக்கத்தைச் சொன்னேன், ஆதாமுக்குப் பதிலாக என்னை வைத்துச் சொன்னேன். அவள் அன்று வரவில்லை. அடுத்த ஞாயிறு வந்தாள், கடைசி வரிசையில் உட்கார்ந்தாள், என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

ஒரு சந்தேகம் மீதமிருக்கிறது. 19 பேரில் ஒரு மூதாட்டி, ஜனவரியில் தோட்டத்தை விற்றுவிட்டுக் கோயம்புத்தூரில் மகனிடம் போய், அங்கேயே இறந்துவிட்டதாகக் கேள்விப்படுகிறேன். அவர் பங்கில் கழித்தது 11 கிலோ. ஐந்தில் ஒரு பங்கோடு 290 ரூபாய் 40 காசு. அதைக் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிடலாமா?

பதில்: ஓய்வுபெற்ற தமிழாசிரியை, குன்னூர்

அடுத்த வசனத்தையும் வாசியுங்கள், தம்பி. எண்ணாகமம் 5:8-இன்படி, வாங்கிக்கொள்ள இனத்தான், அதாவது உறவினன், ஒருவனும் இல்லாவிட்டால்தான் அது ஆசாரியனைச் சேரும். அந்த அம்மாளுக்கு மகன் இருக்கிறாரே.

கோத்தகிரியிலிருந்து ஒருவன்

முகவரி கிடைத்துவிட்டது, அம்மா. செவ்வாய்க்கிழமை கோயம்புத்தூர் போகிறேன். "ஈரக் கழிவு" என்று எழுதிய அந்தச் சீட்டின் அடிக்கட்டையையும் உறையில் வைத்திருக்கிறேன்.